கண்ணீர் இல்லாத அஞ்சலி

மாமி உயிரோடு அடுப்படியில் நிற்கும்போதே அவருக்குச் சாவு மணி அடித்த ஊர் எங்களுடையது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மறைக்கவும் முடியாது. பனச்சமூடு சந்தைக்கு மீன் வாங்கப் போனால்கூட யாராவது என்னை நிறுத்தி, "அந்த மணி அடிச்ச மாமிக்க மருமவதானே நீ?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. நான் நாலாம் வகுப்பு படித்த அரசுப் பள்ளிக்கூடத்தில் மதியக் கஞ்சி காய்ச்சுவது அவர் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை அது. மழைக்காலத்தில் சமையல் கொட்டகையான கஞ்சிப்புரை ஒழுகும், விறகு நனைந்து புகையும். ஆனால் மதிய மணி அடிக்கும்போது கஞ்சியும் பயறும் ஆவி பறக்கத் தயாராக இருக்கும். காய்ச்சல் வந்த நாளிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துழாவினாரே தவிர, ஆறிய கஞ்சியை மாமி ஒருநாளும் விளம்பியதில்லை.

எனக்கு மட்டும் அவர்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. முதல் பீரியட் முடிந்ததும் கஞ்சிப்புரை வாசலில் நின்று, "எலே, வெறகெடுக்க வாங்க" என்று கூப்பிடுவார். எப்போதும் அதே நாலைந்து பிள்ளைகள்தான். அவர்கள் உள்ளே போனால் கதவு பாதி சாத்தப்படும். சொந்தத் தம்பி மகளை ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை. ஒருமுறை நானாகவே போய் நின்றேன். "நீ கிளாசுக்குப் போ பிள்ளே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மாமிக்கு என்னைப் பிடிக்காது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இனி அண்ணனின் கதைக்கு வருகிறேன். ஊர் கிளப்பில் ஆண்டுதோறும் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். வழக்கமாக அது வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த யாராவது பணக்காரராக இருக்கும். அந்த வருஷம் அண்ணன் செயலாளர். இந்தத் தடவை கஞ்சி காய்ச்சும் மாமிக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். தலைவருக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. மாமிக்கும் விருப்பமில்லை. கடைசியில், பாத்திரம் கழுவி முடித்த பிறகு சாயங்காலம் என்றால் வருகிறேன் என்று சம்மதித்தார்.

எங்கள் ஊர் கேரளத்தில் இருந்தாலும், அண்ணன் எல்லை தாண்டித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். மலையாளம் சரளமாகப் பேசுவான், எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். மலையாளத்தில் ஆதரவு என்றால் மரியாதை. அதனால் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போன் போட்டு, எங்கள் மாமியை ஆதரிக்கிறோம், போர்டு வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். "ஆதராஞ்சலி அல்லே?" என்று அங்கிருந்தவர் கேட்டிருக்கிறார். ஆதரவைவிட நீளமான சொல், ஆகவே பெரிய மரியாதை என்று நினைத்து அண்ணன் ஆமாம் என்று சொல்லிவிட்டான். ஆதராஞ்சலி என்பது செத்தவர்களுக்கு மட்டும் செய்யும் மரியாதை என்று அவனுக்குத் தெரியவில்லை. தமிழில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்ததில்லையா என்று பிற்பாடு அப்பா கேட்டதற்கு, "இதுல கண்ணீர் இல்லியே" என்றான்.

விழா அன்று விடிந்ததும் முக்கில் போர்டு ஏறியது. கறுப்பு பார்டர், எரியும் விளக்கு, ரோஜாப்பூ, நடுவில் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த மாமியின் முகம். பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் முடிந்த நேரம், டீ குடிக்க வந்த சர்ச் மணிக்காரர் அதைப் பார்த்தார். அவருடைய பிள்ளைகளும் மாமியின் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். யாரிடமும் விசாரிக்கத் தோன்றாமல், துக்கத்தோடு ஓடிப்போய் மணியை நிறுத்தி நிறுத்தி அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாமி அப்போது அரிசி துழாவிக்கொண்டிருந்தார். மணியோசை கேட்டதும் அகப்பையை நிறுத்தி, கண்ணை மூடி, இறந்தவர் யாரானாலும் அவருக்காக ஒரு சின்ன ஜெபம் செய்தார் என்று பின்னால் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மா தலைமுடி அவிழ, நெஞ்சில் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் ஓடிவந்தாள். பின்னால் பாதி ஊர் வந்தது. நானும் வகுப்பிலிருந்து அழுதுகொண்டே ஓடினேன். அம்மா கஞ்சிப்புரைக் கதவைத் தள்ளித் திறந்தாள். அகப்பையும் கையுமாக மாமி நின்றார்.

"என்ன மக்கா, ஆரு போனது?"

"நீங்கதான் மைனி" என்று சொல்லிவிட்டு அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் விளங்கியதும் மாமி பானையைப் பார்த்தார். "அரி வேகல்ல. அதுக்க முன்ன நான் எங்க போவேன்?"

எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. மூலையில் விறகெடுக்க வந்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும், சின்னப் பானையில் முன்னதாகவே காய்ச்சிய ஒரு தட்டுக் கஞ்சி. எங்களுக்கு மதியம்தான் கஞ்சி, இவர்களுக்கு மட்டும் இப்போதே கூலியா என்று எனக்குப் பொறாமையில் உடம்பெல்லாம் எரிந்தது.

அண்ணன் வாசலில் தலை குனிந்து நின்றான். கூடவே வந்திருந்த தலைவர், சகுனம் சரியில்லை, விழாவைத் தள்ளிவைக்கலாம், அடுத்த மாதம் வளைகுடாக்காரர் வருகிறார், அவருக்கே போர்த்திவிடலாம் என்றார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. போர்டைக் கிழித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினான்.

"எலே, நில்லு" என்றார் மாமி. அந்தக் குரலில் தலைவரும் சேர்ந்தே நின்றார். "நான் இண்ணைக்கு வாறேன். ஒண்ணையும் கிழிக்கண்டாம். நான் வேண்டாம்னு சொன்னவதான். ஆனா இண்ணைக்கு விட்டா, பின்ன ஒரு காலத்திலயும் கஞ்சி வைக்கியவள மேடையில ஏத்த மாட்டாங்க. இது எனக்கில்ல, இந்தப் பணிக்காக்கும்."

டீச்சர் ஒருவர் வெள்ளைச் சார்ட்டில் 'அபிநந்தனங்கள்' என்று மலையாளத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். ஒட்டப் பசை இல்லை. மாமி சின்னப் பானையிலிருந்து ஒரு கரண்டிக் கட்டிக் கஞ்சியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி அண்ணனிடம் நீட்டினார். ஆதராஞ்சலியின்மேல் வாழ்த்து அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. விளக்கும் ரோஜாப்பூவும் அப்படியே இருந்தன.

சாயங்காலம் மாமி பாத்திரம் கழுவி, குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி அந்தப் போர்டின் கீழேயே உட்கார்ந்தார். மணிக்காரர் முன்வரிசையில் இருந்தார். வேண்டா வெறுப்பாகப் பொன்னாடையைப் போர்த்திய தலைவர்கூட, ஊரே எழுந்து நின்றதைப் பார்த்துத் தானும் கை தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். மாமி அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "எல்லாருக்கும் சந்தோசம். நாளைக்கும் அடுப்பு உண்டு. வெறகெடுக்கிய பிள்ளைகள் நேரத்தோட வரணும்." அவ்வளவுதான் பேச்சு. ஊர் சிரித்தது. எனக்கு வந்த பெருமையெல்லாம் போய்விட்டது. மேடையில்கூட அந்தப் பிள்ளைகள்தானா?

போன தேர்தலில் ஓட்டுப் போட அதே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாமி இப்போது இல்லை. சமையல் எல்லாம் கேஸுக்கு மாறிவிட்டது. பழைய கஞ்சிப்புரை திறந்து கிடந்தது. விறகு அடுக்கும் மூலையில் கரி இன்னும் அப்படியே இருந்தது. அடுப்புக்கு முன்னால் மாமி நிற்கும் இடத்தில் நின்று, சும்மா விறகு மூலையை நோக்கிக் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டியது.

மாமிக்கு விறகெடுத்துக் கொடுக்க யாரும் தேவைப்பட்டதே இல்லை. வீட்டில் காலையில் ஒன்றும் கிடைக்காமல் வந்த பிள்ளைகளை, மற்றவர்கள் அறியாமல் கூப்பிட அவருக்கு ஒரு வேலையின் பெயர் வேண்டியிருந்தது. வயிறு நிறையப் புட்டும் பயறும் தின்றுவிட்டுப் போன நான், என்னை மட்டும் ஏன் கூப்பிடவில்லை என்று அந்த வருஷம் முழுக்க அழுதிருக்கிறேன்.