முட்டிகள் தொங்கும் நீர்வாசல்

தந்தியில் இரண்டே வசனங்கள். “சவிரிமுத்துச் சுவாமி காலமானார். வள்ளம் அனுப்பவும்.” முதல் வசனத்தை எதிர்பார்த்தே இருந்தோம். சுவாமியவர்கள் மட்டக்களப்புப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகி ஒரு மாரிகாலம் கழிந்துவிட்டது. இரண்டாம் வசனம்தான், இந்தக் கோவிலின் மூப்பனாகிய என்னை வாய்விட்டு அழவைத்தது. ஏனென்று, சுவாமியவர்களை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அறிந்தவர்கள் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் மாதா கோவில் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது. அதைக் கட்டிய காலத்தில் தெருவே கிடையாது. வாவிக்கு அப்பால், படுவான்கரை வயற்புறத்திலிருந்து சனம் வள்ளத்தில் பூசைக்கு வரும். அதனால் ஒரே வாசல், மேற்கே தண்ணீரைப் பார்த்தபடி. தடித்த முருகைக்கல் சுவர். பனஞ்சலாகைக்கு மேல் பீலி ஓடு. பின்னேர வெயில் வாவியில் பட்டு, அந்த வாசலால் நுழைந்து, முகட்டில் அலையலையாக ஆடும். கீழே செபம் சொல்லும் நாங்கள் தண்ணீருக்கடியில் முழந்தாளிட்டிருப்பது போலத் தோன்றும். எத்தனையோ நாள் செபத்தை மறந்து அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

கட்டியவர் பிரான்சு தேசத்துச் சுவாமி ஒருவர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரிலே பிறந்தவராம். பூசை இரசம் எந்தச் செடியிலிருந்து வருகிறதோ அதை வாசல் வளைவில் கொத்தும்படி சொன்னாராம். எங்கள் கொத்தனார் திராட்சையை எங்கே கண்டார்? சுற்றுமுற்றும் பார்த்தார், கள்ளுக்குப் பேர்போன எங்கள் தென்னந்தோப்புகள்தான் தெரிந்தன. பாளையும், அதிலே தொங்கும், கள்ளு வடியும் மண்முட்டிகளுமாக அழகாகக் கொத்திவைத்துவிட்டார். பிரெஞ்சுச் சுவாமி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றாராம்.

சவிரிமுத்துச் சுவாமியவர்கள் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தவர்கள், மதுவிலக்குப் பிரசங்கத்தில் பேரெடுத்தவர்கள். புதிதாகப் போட்ட தெருவிலே பஸ்ஸில் வந்திறங்கி, வாசலைத் தேடிக் கோவிலைச் சுற்றி வந்து, வளைவை நிமிர்ந்து பார்த்தார்கள்.

“மூப்பர், இது கோவிலோ, கள்ளுத் தவறணையோ?” என்பதுதான் என்னோடு பேசிய முதற்பேச்சு.

தீர்ப்பும் அன்றைக்கே ஆயிற்று. பீடத்தை இடம் மாற்றித் தெருப்பக்கம் வாசல் திறப்பது. நீர்வாசலை முட்டியோடு சேர்த்து அடைத்துவிடுவது. படுவான்கரைச் சனம் என்ன செய்யும் என்று கேட்டேன். இறங்கித் தெருவால் சுற்றி வரட்டும் என்றார்கள். மாரியில் அந்தப் பக்கம் இடுப்பளவு வெள்ளம் நிற்கும் என்று சொல்லியும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோவில் சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்தால், கள்ளுச் சீவுகிறவர்கள் ஆளுக்கொரு முட்டி கருப்பநீர், அதாவது புளிக்காத இனிப்பான நீர், கொண்டுவந்து அதிலே ஊற்றுவார்கள். சுவர் இறுகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கோவிலிலே தங்களுக்கும் ஒரு பங்கு என்பது பெருமை. இந்த முறை ஒருவரும் வரவில்லை. சீவுகிறவர்களில் மூத்தவரான பிலிப்பு மட்டும் வந்து பணிவாக நின்றார்.

“வாசல அடைக்கிற சுண்ணாம்புக்கு நாங்க கருப்பநீர் தரமாட்டம் சுவாமி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவாமியவர்களும் விடவில்லை. பட்டணத்திலிருந்து கொத்தனை அழைத்தார்கள். பீடத்தருகே தெருச்சுவரில் ஆள் நுழையும் அளவு வழி உடைத்து, நீர்வாசலில் சுவர் இடுப்புயரம் எழும்பியபோது மாரி கொட்டத் தொடங்கி, வேலை நின்றது.

ஒருநாள் காலைப் பூசை முடிகிற நேரம். பனிப்புகாரினூடே ஒரு வள்ளம் வாசற்படிக்கே வந்து முட்டியது. உள்ளே படுவான்கரைத் தகப்பன் ஒருவன். அவன் கையில், சேலைத்துண்டில் சுற்றிய பச்சைப் பிள்ளை. மூச்சு வருவதும் நிற்பதுமாக இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். நடுவிலே சுவர். தகப்பன் அதன் மேலால் பிள்ளையை நீட்ட, சுவாமியவர்கள் எட்டி வாங்கி, கைக்கெட்டிய வாவித் தண்ணீரையே அள்ளி ஊற்றிப் பெயர் வைத்தார்கள். பிள்ளை மத்தியானம்வரை இருக்கவில்லை.

மறுநாள் என்னிடம் அலவாங்கு கேட்டார்கள். அங்கிக் கையைச் சுருட்டிக்கொண்டு தாமே அந்தச் சுவரை இடித்தார்கள். நான் உதவப் போக, கையமர்த்தினார்கள்.

“நான் சுத்தி வரச் சொன்னனான், மூப்பர். அந்தப் பிள்ளைக்குச் சுத்தி வர நேரமிருக்கேல்லை.”

அதன்பிறகு பீடத்தை மாற்றும் பேச்சே எழவில்லை. கள்ளுக்கு எதிரான பிரசங்கத்தை மட்டும் அவர்கள் கடைசிவரை விடவில்லை. கேட்டுத் திருந்தியவர்களை நான் கண்டதுமில்லை. ஆனால் திருநாளுக்கு வெள்ளை அடிக்கும்போது ஏணியில் ஏறி, அந்த முட்டிகளுக்கு மட்டும் தாமே தூரிகை பிடிப்பார்கள். கீழே நின்று பிலிப்பு கேலி செய்வார். அவர்களுக்குக் கோபம் வராது. எனக்குத்தான் அவர்கள் விழுந்துவிடுவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நேற்றுப் பின்னேரம், இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி அவர்களைக் கொண்டுவந்தோம். தம்மைத் தெருவால் கொண்டுபோக வேண்டாம் என்று சுவாமியவர்களே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம். படுவான்கரைத் தோணிகள் பின்னால் சத்தமில்லாமல் வந்தன. பெட்டி அந்த முட்டிகளுக்குக் கீழாக உள்ளே போனது. முகட்டிலே வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

கல்லறை, வாசலுக்கு உட்பக்கத்திலேதான். மூடுவதற்குச் சுண்ணாம்பு குழைத்தபோது யாரையும் நான் கேட்கவில்லை. சீவுகிறவர்கள் ஒவ்வொருவராக முட்டியோடு வந்தார்கள். கடைசியாகப் பிலிப்பு. கிழவர் தம் முட்டியைக் கவிழ்த்து ஊற்றினார். இதுவும் அடைக்கிற சுண்ணாம்புதானே என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ஓம் மூப்பர். அடைச்ச வாசல ஆரு திறந்தது?” என்றார்.

போய் வாருங்கள், சுவாமி. இனி நாங்கள் வள்ளத்தால் இறங்கி உள்ளே வரும்போதெல்லாம், முதலில் உங்களைத்தான் தாண்டி வருவோம்.