யாருக்குத் தமிழ்க் கடிதம்

கண்டியில் புள்ளிவிபரம் பார்க்கிறவன் என்று நாலு பேருக்குத் தெரிந்திருந்ததால், கலவரத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் படிவங்களை ஒரு தொண்டுக் குழு என்னிடம் தந்தது. எரிந்துபோன பத்திரங்களுக்குப் பிரதி கொடுக்க ஒரேயொரு நாள் நடமாடும் சேவை நடக்கவிருந்தது. அதற்கு வரச்சொல்லும் கடிதம் யாருக்குத் தமிழில், யாருக்குச் சிங்களத்தில் என்று கணினியில் பிரித்துக் கொடுப்பது என் வேலை.

ஒரு வரியில் முடிகிற காரியம். இனம் ‘இலங்கைத் தமிழர்’ என்றிருந்தால் தமிழ்க் கடிதம் என்று எழுதினேன். யாழ்ப்பாணத்தான் தன் ஆட்களை மட்டும் பார்த்தான் என்று யாரும் சொல்லக்கூடாதே. அதனால் ‘அல்லது’ என்பதற்கான நெட்டைக் கோட்டைப் போட்டு ‘இந்தியத் தமிழர்’ என்றும் சேர்த்தேன். அந்த இடத்தில் ‘மற்றும்’ குறியைப் போட்டிருந்தால் ஒருவரும் தேறமாட்டார்கள். ஒரே ஆள் இரண்டு இனமாக இருக்க முடியாதல்லவா. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் சிலவும் பட்டியலில் வந்து விழுந்தபோது என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மிச்சப் பேருக்கெல்லாம் சிங்களக் கடிதம் போனது.

படிவத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று தனியாக ஒரு கட்டமே இருந்தது. நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அக்குறணையில் முஸ்லிம் கடைகளில் தமிழில் கதைத்துத்தான் தினமும் பால் விடாத பிளேன்ரீ குடிக்கிறேன். படிவத்தில் மட்டும் அவர்கள் இனம் ‘இலங்கைச் சோனகர்’.

சேவை முடிந்து இரண்டு நாள் கழித்து, திகனயிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் கடிதத்தோடு குழுவின் அலுவலகத்துக்கு வந்தார். மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது வீட்டோடு எரிந்துவிட்டது. பள்ளிக்கூட விண்ணப்பம் அந்தக் கிழமைக் கடைசியோடு முடிகிறது.

“தம்பி, இதுல என்ன எழுதிரிக்கி? சிங்களம் பேசுவேன், வாசிக்க வராது. பக்கத்து சிங்கள வூட்டுல காட்ட, கலவரத்துக்குப் பொறகு இன்னம் மனசு வரல்ல.”

வாசித்துச் சொன்னேன். திகதியைக் கேட்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “தமிழாக்களுக்குத் தமிழ்ல வந்திரிக்காம். எங்களுக்கு மட்டும் ஏன் இப்புடி?” என்று கேட்டார்.

“கம்பியூட்டர் அப்பிடிப் பிரிச்சுப்போட்டுது அக்கா,” என்றேன். அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“எங்கட பாசையும் தமிழ்தான்னு மெசினுக்கு எப்புடித் தெரியும் தம்பி,” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஓம், தெரியாதுதான் என்று தலையாட்டினேன்.