ஒரே ஒரு நேரடி லைன்

என் மகளுக்கு ஒன்றரை வயதில் முதல் முறையாகக் காய்ச்சலில் ஃபிட்ஸ் வந்தது. கண்கள் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்து, உதடு நீலமாகிப்போனதை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தேன். குழந்தைகள் டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார். ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும், அதுவரை உடம்பு சுட ஆரம்பித்த உடனே மருந்து கொடுங்கள், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இழுப்பு வந்தால் தாமதிக்காமல் தூக்கி வாருங்கள் என்றார். அவர் சொன்னதில் 'தாமதிக்காமல்' என்பது மட்டும் என் மனதில் தங்கிவிட்டது.

அப்போது துடியலூரில் குடியிருந்தோம். கணவருக்குப் பம்பு கம்பெனியில் வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். நான் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் புரோகிராமர். பகலில் குழந்தையைக் கீழ் வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். வீட்டிலேயே துணி தைப்பவர். தெருவின் எதிர்ப்பக்கம் எஸ்.டி.டி. பூத் இருந்தது. கணினி மையத்தின் தொலைபேசி எண்ணை ஓர் அட்டையில் பெரிதாக எழுதித் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்தேன்.

"லேசா சுட்டாலும் கூப்பிட்டுருங்க அக்கா."

"நீ போ அம்மணி. தெனமும் இதையே சொல்லிச் சொல்லி எனக்கு அந்த நம்பர் தூக்கத்துலயும் வருது."

அந்த எண் சுவரில் இருந்த தைரியத்தில்தான் நான் பஸ் ஏறினேன்.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் வசதி வந்தது. மோடம் என்ற சின்னப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, வெளியூரில் இருந்த ஒரு பெரிய கணினிக்கு டயல் செய்ய வேண்டும். பேராசிரியர்கள் காகிதத்தில் எழுதித் தரும் கடிதங்களை நான் தட்டச்சு செய்து அனுப்புவேன். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது ஓடும் நேரமெல்லாம் அந்தத் தொலைபேசிக்கு யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும்.

எந்தத் தொலைபேசியில் மோடத்தைப் பொருத்துவது என்று முடிவு செய்ய வேண்டியது கணினிக் குழு. எந்தத் துறைக்கு எந்தக் கணினி என்பதிலிருந்து, மையத்துக்குள் வருகிறவர்கள் செருப்பை எங்கே கழற்றி வைப்பது என்பதுவரை அந்தக் குழுதான் தீர்மானிக்கும். மையத்தின் சார்பில் நானும் உறுப்பினர். கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. வளாகத்தில் மற்ற தொலைபேசிகள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் சொந்த எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போயின. அவற்றில் மோடம் இணைப்பு நிற்கவில்லை. எங்கள் மையத்தில் மட்டும்தான் நேரடி லைன் இருந்தது. எங்கள் கட்டடம் புதிது என்பதால் எக்ஸ்சேஞ்ச் கம்பி இன்னும் அங்கே வந்து சேரவில்லை. ஆகவே எங்கள் லைனே மின்னஞ்சலுக்கு என்று முடிவானது. காலை பதினொன்று முதல் ஒன்று வரை, மாலை மூன்று முதல் நான்கு வரை. அந்தத் தீர்மானத்தை எழுதியதும் நான்தான்.

இன்னொரு இணைப்பு வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டேன். குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. வீட்டுக் கதையை ஆபீசில் பேசுகிறாள் என்று நினைப்பார்களோ என்று 'நிர்வாக வசதிக்காக' என்றேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"புது லைன்னா அது டெலிபோன் கமிட்டிங்க. நாம அதுல கை வெக்கப்படாதுங்களே," என்றார் கணக்கு அதிகாரி.

டெலிபோன் குழுவுக்கு எழுதினோம். கணினி சம்பந்தப்பட்டது என்பதால் கணினிக் குழுவின் பரிந்துரை தேவை என்று அங்கிருந்து பதில் வந்தது. பரிந்துரைக்கலாமா என்று பார்க்க ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவில் இருந்த இரண்டு பேரும் பரீட்சை வேலையாக வெளியூர் போய்விட்டார்கள். முடியாது என்று யாருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு வேலையாவது தேடியிருப்பேன். எப்போது கேட்டாலும், "பாத்துக்கலாமுங்க, ஆயிருமுங்க," என்றார்கள்.

இடையிடையே மோடத்தை நிறுத்தி லைனைச் சும்மா வைத்துப் பார்த்தேன். கடிதம் போகவில்லை என்று இரண்டு துறைகளிலிருந்து புகார் வந்தது. அதன்பிறகு அப்படிச் செய்யப் பயமாக இருந்தது.

ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு மோடத்தைக் கழற்றினேன். கழற்றியதும் மணி அடித்தது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

"ஏங் கண்ணு, என்ன ஆபீசு அது? பதினொன்னரையிலிருந்து பூத்துல நின்னு சுத்தறேன், டொய்ங் டொய்ங்ங்குது. புள்ளைக்கு வெட்டி இழுத்துப்போட்டுது. அப்பறம் யாரை நம்பறது? ஆட்டோவப் புடிச்சு இங்க வந்துபோட்டேன்."

"இப்ப எப்படி இருக்கா அக்கா?"

"தூங்கறா. நீ அழாம வா."

அன்று காலை முழுவதும் நான் அனுப்பிக்கொண்டிருந்தது ஒரு பேராசிரியர் கருத்தரங்குக்குப் போட்ட விண்ணப்பம். இரண்டு முறை அறுந்து, மூன்றாவது முறை போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்ததே என்று நான் சந்தோஷப்பட்ட நேரத்தில் என் மகள் ஆட்டோவில் இருந்திருப்பாள்.

அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வயதான பேராசிரியர், நல்ல மனிதர்.

"ஏனுங்கம்மா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க?"

கணக்கு அதிகாரி, "எங்க பையனுக்கும் இதே மாதிரி இருந்ததுங்க. இப்ப அன்னூர்ல தோட்டத்த ஒத்தையாப் பாத்துக்கறான்," என்றார்.

"அவன் தோட்டத்தப் பாக்கறானா, தோட்டம் அவனப் பாக்குதா?" என்றார் கட்டடப் பொறியாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஆளாளுக்கு ஒரு டாக்டர் பெயரைச் சொன்னார்கள். குளிர்ந்த தண்ணீரில் துடைக்கலாமா வெதுவெதுப்பான தண்ணீரிலா என்று ஒரு வாக்குவாதமே நடந்தது. அந்தக் குழுவில் அவ்வளவு அக்கறையோடு வேறெதையும் பேசிக் கேட்டதில்லை. "லைன் வாங்கிப்போடலாமுங்க, கவலைப்படாதீங்க," என்றார் தலைவர். அதற்குள் டீ வந்தது. எங்கள் கூட்டங்களில் டீ வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

குறிப்பை எழுதித் தலைவரிடம் கொண்டுபோனேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் உடனடியாக இன்னொரு லைன் வாங்கித் தருவது என்று எழுதியிருந்தேன். அவர் படித்துப் பார்த்து, அந்த வரிகளை மெதுவாக அடித்தார்.

"புள்ளையோட சீக்கு நாலு பேர் படிக்கற காகிதத்துல எதுக்குங்கம்மா? நாளைக்கு யாராச்சும் உங்களையே ஒண்ணு சொல்லுவாங்க. எனக்கு ஞாபகம் இருக்குதுங்க."

என்னைக் காப்பாற்றுவதாகவே நினைத்துத்தான் அடித்தார். லைனைப் பற்றியாவது ஒரு வரி இருக்கட்டும் சார் என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல மனதோடு செய்கிறவரிடம் எப்படிக் கேட்பது? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த கூட்டம் ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு நடந்தது. முந்தைய கூட்டத்தின் குறிப்பை நான் வாசித்தேன். தீர்மானங்களின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். குறிப்பில் இல்லாததை யாரும் கேட்கவில்லை. தலைவர் அன்று விடுப்பு. அவர் இடத்தில் அமர்ந்தவர் புதியவர். கணக்கு அதிகாரி மட்டும், "புள்ள சௌக்கியமுங்களா?" என்று விசாரித்தார். சௌக்கியம் என்றேன்.

"குறிப்பில் திருத்தம் ஏதாவது இருக்கிறதா?" என்று புதியவர் பொதுவாகக் கேட்டார். நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். மின்விசிறி காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்று யாரோ சொன்னார்கள். உறுதி செய்யப்பட்டது என்று எழுதினேன்.

அன்று காலை கிளம்பும்போது மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருந்தேன். சுட்டது போலவும் இருந்தது, நான் பாத்திரம் கழுவிய கை குளிர்ந்திருந்ததால் அப்படித் தோன்றியது போலவும் இருந்தது. கழுத்தில் தொட்டேன், வயிற்றில் தொட்டேன். "போ அம்மணி, பஸ்ஸு போயிரும்," என்றார் அக்கா.

மையத்துக்குத் திரும்பியபோது பதினொன்று ஆக இரண்டு நிமிடம் இருந்தது. நான் இல்லாதபோது போன் எதுவும் வரவில்லை என்றார்கள். ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று கேட்டுவிட்டு வைத்தேன். கடிதங்களோடு உதவியாளர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நெறயங்க மேடம்," என்றார்.

வாங்கி வைத்துக்கொண்டு மோடத்தை இணைத்தேன்.