சனிக்கிழமை பஸ் கிளம்பும், ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, ஆஸ்பத்திரியில்...

போன மாதம்கூட ஆபீஸில் என்னோடு சண்டை போட்ட மனுஷி. டைப் செய்ய முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூலிமில் எங்கள் ஃபேக்டரியின் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகத் தொண்டு வேலை, முழுக்க அக்காதான். பாடாங் செராய் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை, கம்பெனி செலவில், மெர்போக் ஆற்றோரச் சதுப்புநிலத்துக்கு அழைத்துப்போவார். பிள்ளைகள் சேற்றில் இறங்கி பாக்காவ் என்கிற அலையாத்தி மரக் கன்று நடுவார்கள், நண்டும் கொக்கும் பார்ப்பார்கள்.

நான் பர்ச்சேசிங். பஸ், பூட்ஸ், சாப்பாடு எல்லாம் என் தலையில்.

முதல் வருஷம் நடந்த கூத்து இருக்கிறதே... கூடாரம், சிவப்புக் கம்பளம், பேனர். பெரிய பாஸ்தான் முதல் கன்றை நட வேண்டுமாம். ஆளைக் காணோம். ஆற்றில் கடல்தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. ஏறிவிட்டால் அன்றைக்கு நடவே முடியாது.

"அக்கா, பாஸ் வந்துரட்டும்லா..." என்றேன்.

"கடல் என்ன நம்ம பாஸுக்குக் கீழயா வேல செய்யுது? பிள்ளைங்களா, எறங்குங்க!"

பாஸ் வந்தபோது கம்பளம் நனைந்திருந்தது. பிள்ளைகள் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டோவுக்கு ஒரு கன்றுகூட மிச்சமில்லை.

அடுத்த வருஷம் மேலிடம் கை விரித்தது. ஆபீஸ் வாசலில் பூச்செடி வைத்தால் போதுமாம்.

அக்கா விடவில்லை. பேனர் இல்லாமல், ஆள் அம்பு இல்லாமல், பாஸை மட்டும் ஆற்றோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கார் ஓட்டியது நான். நட்டதில் பாதி செத்துக் கிடந்தது. மானம் போச்சு என்று நினைத்தேன்.

"பாதி போச்சே ஸ்டெல்லா" என்றார் பாஸ்.

"ஆமா பாஸ், செத்தது செத்ததுதான். அதுக்குத்தான் மறுபடியும் வரணும்ங்கறேன்."

மறைக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. திரும்பி வரும் வழியிலேயே பாஸ் சரி என்றுவிட்டார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படி இருக்கீங்க என்று நான் கேட்பதற்குள்...

"குமாரு, சனிக்கிழம பஸ் புக் பண்ணிட்டியா?"

"மொதல்ல நீங்க எந்திரிச்சு வாங்கக்கா!" கோபம்தான் வந்தது எனக்கு.

"நான் வரலன்னா என்ன? பிள்ளைங்க வராங்கல்ல."

இன்று காலை ஆபீஸ் குரூப்பில் ஒரு மெசேஜ். அக்காவுக்கு மரியாதையாகச் சனிக்கிழமை பயணத்தைத் தள்ளிவைக்கலாமே என்று.

தள்ளினால் பள்ளி லீவு வந்துவிடும். அப்புறம் இந்த வருஷம் அவ்வளவுதான். ஒரு வருஷம் விட்டால் மறு வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. முடியாது என்று பதில் போட்டேன். மரியாதை தெரியாதவன் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் பாஸ் போன் செய்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். "ஏழு மணி பாஸ். லேட்டானா விட்டுட்டுப் போயிருவோம்" என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் அடக்க ஆராதனை. எல்லாரும் வாருங்கள்.

போய் வாங்கக்கா. நாளை மறுநாள் உங்களுக்கு மண் போடுவேன், சனிக்கிழமை சேற்றில் இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அழுதுகொள்கிறேன்.