ஸ்டெப்னி வைத்துச் சமைப்பவர்

மனைவியின் பிறந்தநாளுக்கு மாஸ்டர் தன் கையால் சமைக்கிறார் என்பதெல்லாம் சுத்தப் புருடா, ஓட்டலில் வாங்கி வந்து வீட்டுப் பாத்திரத்தில் கவிழ்ப்பதுதான் வருஷா வருஷம் நடக்கிறது என்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செகரெட்டரி படிக்கட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் கூப்பிட நேரம் இருக்காது, இதற்கு இருக்கும்.

"டிக்கியில பார்சல் இருந்தத என் ரெண்டு கண்ணால பார்த்தேன் சார். மேல துண்டு போட்டு மூடியிருக்கார். நியாயமான சாப்பாட்டுக்கு எதுக்கு சார் துண்டு?"

அவர் கண்ணை நான் சந்தேகிக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் அந்தக் கண் படாத டிக்கி கிடையாது. ஆனால் சாப்பாடு பற்றிய வதந்தியை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். பிறந்தநாளன்று மதியம் இரண்டு மாடி ஏறி மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஐம்பதை நெருங்குகிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஹாஃப் கிளட்ச். உலகத்தில் எந்தக் காரியமும் பாதி கிளட்ச்சில், குலுங்காமல் கிளம்ப வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். படுக்கையிலிருந்து எழுவதைக்கூட அப்படித்தான் செய்வார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. நாள் முழுக்க அடுத்தவர் ஓட்ட, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் உபரி பிரேக்கை மிதித்து ஊர் ஜனங்களைக் காப்பாற்றுவது தொழில். அதனால் அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். சலூனில் கத்தி காதோரம் வந்தால் மிதிக்கும். கூட்டத்தில் யாராவது மைக்கைப் பிடித்து "ஒரே ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தால் இரண்டு தடவை மிதிக்கும்.

கதவைத் திறந்தவர் இடுப்பில் துண்டும் கையில் கரண்டியுமாக இருந்தார். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. "வாங்க சார். செருப்ப அங்கயே விடுங்க. வெங்காயம் உரிப்பீங்கல்ல?" என்றார். வேவு பார்க்க வந்தவனை இவ்வளவு சீக்கிரம் வேலைக்கு எடுத்த வீட்டை நான் பார்த்ததில்லை.

ஓட்டல் வாசனை எதுவும் இல்லை. அடுப்பில் கோழி உண்மையாகவே வெந்துகொண்டிருந்தது. மேடையில் கேரட் தோலும் முட்டை ஓடும் மலையாகக் கிடந்தன. பொய் சொல்கிறவர் வீட்டில் இவ்வளவு குப்பை சேராது. கல்யாணமான முதல் வருஷம் வெறும் ஆம்லெட்டும் ரொட்டியும்தானாம். அடுத்த வருஷம் சூப் சேர்ந்தது. பிறகு வறுத்த உருளைக்கிழங்கு, பிறகு கோழி, இந்த வருஷம் கேக். வருஷத்துக்கு ஒன்று கூடுமே தவிர, பழையது எதுவும் கழிவதில்லை. ஆம்லெட் சீனியாரிட்டி அடிப்படையில் இன்னும் தட்டில் முதலிடத்தில் இருக்கிறது.

சமையலும் அவருக்கு ஒரு வண்டிதான். அடுப்பைக் குறைப்பது ஹாஃப் கிளட்ச். கூட்டுவது செகண்ட் கியர். எண்ணெய் சட்டியைத் தாண்டித் தெறித்தால் "சிக்னல் போடாம வருது பாருங்க" என்பார். நான் வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமாக நறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் தரையில் பொத்தென்று ஒரு சத்தம். மாஸ்டரின் கால் பிரேக்கை அமுக்கியிருந்தது. அங்கே பிரேக் இல்லை, மேடைக்குக் கீழே இருந்த உருளைக்கிழங்குக் கூடைதான் இருந்தது.

"பதறாதீங்க சார். விரல் உங்களோடது," என்றார் கூடையை நிமிர்த்தியபடி.

நேரடியாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். "மாஸ்டர், டிக்கியில ஒரு பார்சல் இருக்குன்னு கீழ பேச்சு அடிபடுது."

மறுப்பார், கோபப்படுவார் என்று பார்த்தால், கோழியைக் கிளறியபடியே தலையை ஆட்டினார். "இருக்கு. ஸ்டெப்னி."

"என்னது?"

"ஸ்டெப்னி இல்லாம வண்டிய வெளிய எடுக்கலாமா? வழியில பஞ்சர் ஆனா என்ன பண்ணுவீங்க? இங்க ஏதாவது கருகிப் போச்சுன்னா, அவ பிறந்தநாள் அதுவுமா பட்டினியா கிடப்பா? வருஷா வருஷம் ஒரு பார்சல் வாங்கி டயர் பக்கத்துல வெச்சிடுவேன். இதுவரைக்கும் மாட்டினது இல்ல. மறுநாள் காலைல சூடு பண்ணி, கத்துக்க வர்ற பசங்களுக்குக் குடுத்துடுவேன்."

ஆக வதந்தி பாதி உண்மை. பாதி உண்மைகளால் பத்தி எழுதிப் பிழைக்கிற நான் திருப்தியோடு கிளம்பியிருக்கலாம். அப்போதுதான் அவர் அடுப்பை ஹாஃப் கிளட்ச்சுக்குக் கொண்டுவந்துவிட்டு, குரலையும் அதே அளவுக்கு இறக்கினார்.

"சார், நீங்க எழுதுறவரு. வார்த்தை உங்க டிபார்ட்மென்ட். ஒண்ணு கேக்கறேன். 'பரவாயில்ல'ன்னா என்ன அர்த்தம்?"

விஷயம் இதுதான். இத்தனை வருஷச் சமையலில் அந்த அம்மாள் ஒரு தடவைகூட 'நல்லாருக்கு' என்று சொன்னதில்லை. எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, 'பரவாயில்ல' என்பார். அவ்வளவுதான் தீர்ப்பு.

மாஸ்டருக்கு அந்த வார்த்தையோடு தினசரிப் பழக்கம். அவர் காரில் ஒரு நாளைக்கு அதிகம் செலவாவது பெட்ரோல் இல்லை, அதுதான். நடுச்சாலையில் எஞ்சின் நின்றுபோனால் "பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க." ரிவர்ஸில் குப்பைத்தொட்டியைச் சாய்த்தால் "பரவாயில்ல, காலித்தொட்டிதான்." பின்னால் வந்தவன் இறங்கி வந்து திட்டினால் "பரவாயில்ல, அவருக்கு அவசரம்." ஒழுங்காக ஓட்டுகிறவரிடம் அவர் அதைச் சொன்னதே கிடையாது. "பல்ல இளிச்ச வண்டிக்குச் சொல்ற வார்த்தை சார் அது. அதைத்தான் என் கோழிக்கும் சொல்றா."

அந்தச் சொல்லுக்குச் சம்பளம் ஒன்று, வேலை இரண்டு. கூட்டத்தில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பாடிவிட்டாலும் பரவாயில்லை. எது மன்னிப்பு, எது பாராட்டு என்பது சொல்கிறவரின் புருவத்தில் இருக்கிறது. மாஸ்டரின் மனைவியோ கண் மருத்துவமனை நர்ஸ். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பழகிய புருவம் அது, அசையாது.

"ஒரே ஒரு தடவை அவ வாயால நல்லாருக்குன்னு வரணும் சார். வந்துட்டா லைசென்ஸ் வாங்கின மாதிரி. அன்னியோட அடுப்படிய கைகழுவிட்டு, அடுத்த வருஷத்துலேர்ந்து நிம்மதியா ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க அவகிட்ட பக்குவமா கேட்டு, எந்தப் பரவாயில்லன்னு சொல்லணும். சொல்வீங்கல்ல?"

வாயில் அவர் ருசி பார்க்கத் தந்த உருளைக்கிழங்கு இருந்தது. அந்த நிலையில் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? "கேட்டுச் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வீழ்ச்சி கேக்கின் வடிவில் வந்தது. குக்கரில் வைத்திருந்த கேக் அழகாகத்தான் எழும்பிக்கொண்டிருந்தது. ஆனால் பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஊருக்குப் பாடம் நடத்துகிறவர், மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "கவனம் சார், கவனம்" என்று மறுபடி திறந்தார். ஐந்தாறு முறை எட்டிப் பார்க்கப்பட்ட கேக், இனி என்ன இருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மாஸ்டர் பள்ளத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். முதல் முறையாக ஸ்டெப்னி மாட்டப் போகிற மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பார்சலை எடுத்துக்கொண்டு நான் பாதிப் படி ஏறியபோது கீழேயிருந்து ஒரு குரல்.

"என்ன சார் கையில? ஸ்டெப்னியா?"

மாஸ்டரின் மனைவி, தோளில் பையோடு. நான் பார்சலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மேல பாருங்க," என்றார் நர்ஸ் குரலில். பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது. "ஒளிக்காதீங்க சார். பிறந்தநாள் வந்தா டிக்கி மணக்கும், மறுநாள் பசங்க ஏப்பம் விட்டுட்டே வண்டி ஓட்டுவாங்க. எனக்குத் தெரியாதா? இந்த வருஷம் எது கவுந்துச்சு?"

"கேக். நடுவுல பள்ளம்."

"கேக் வேறயா?" அசையாது என்று நான் சற்று முன்பு சாட்சி சொன்ன புருவம் மேலே போனது.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று கேட்டேவிட்டேன். "ஏம்மா, மனுஷன் இவ்வளவு பாடுபடறார். வெறும் பரவாயில்லன்னு சொல்றீங்களாமே."

அவர் பையைப் படியில் வைத்தார். "வெறும் பரவாயில்லயா? சார், எங்கண்ணன்தான் எனக்கு முதல்ல வண்டி சொல்லிக்கொடுத்தான். எஞ்சின் நின்னா 'இறங்குடி'ம்பான். எங்க வீட்டுல ஒரு டம்ளர் கீழ விழுந்தாக்கூட ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். அப்புறம் இவர்கிட்ட வந்து சேர்ந்தேன். முதல் நாளே இவரோட ஸ்கூல் போர்டுல கொண்டுபோய் மோதினேன். போர்டு ரெண்டா மடங்கிடுச்சு. மனுஷன் இறங்கிப் பார்த்தார். திரும்ப வந்து உட்கார்ந்து, 'பரவாயில்ல, எடுங்க'ன்னார். என்கிட்ட யாரும் அதுவரைக்கும் அப்படிச் சொன்னதே இல்ல சார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கழுத்த நீட்டினேன். நான் அத வேற எதுக்கும் செலவு பண்றதில்ல. ஆஸ்பத்திரில யாராவது சாரி கேட்டாக்கூட 'சரி'ன்னுதான் சொல்வேன்."

"அவர் அத நின்னுபோன வண்டிக்குச் சொல்றதுன்னு நினைச்சிட்டிருக்கார்."

ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதான் வருஷா வருஷம் ஒரு ஐட்டம் கூடுதா?"

"சொல்லிடறேன்ம்மா. நல்லாருக்குன்னு தெரிஞ்சா நிம்மதியாயிடுவார். அடுத்த வருஷத்துலேர்ந்து ஓட்டல்னு முடிவோட இருக்கார்."

சிரிப்பு நின்றது. "ஓட்டலா?" பையை எடுத்து மறுபடி தோளில் மாட்டினார். "சொல்லாதீங்க சார்."

"பாவம் இல்லையா?"

"பாவம்தான். ஆனா இன்னும் மீன் வரல. மீன் வரட்டும், அப்புறம் சொல்லிடுங்க."

கீழே செகரெட்டரி எதையோ பார்க்கிற பாவனையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என் கையிலிருந்த பார்சலை வாங்கி, இறங்கிப்போய் அவரிடம் கொடுத்தார். "பிறந்தநாள் சாப்பாடுங்க. சாப்பிட்டுப் பாருங்க." மறுநாள் முதல் செகரெட்டரி மாஸ்டரின் கைமணத்துக்குப் படிக்கட்டுப் பிரச்சாரகராகிவிட்டார். ஓட்டல்காரன் கிட்டகூட நெருங்க முடியாது என்கிறார்.

மேலே நான் வெறுங்கையோடு நுழைவதையும் பின்னால் மனைவி வருவதையும் பார்த்த மாஸ்டர், வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கிக் கேக்கின் பள்ளத்தில் அடுக்கினார். "பேட்ச் ஒர்க்," என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

நன்றாகவே சாப்பிட்டோம். கோழியில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று தங்கமாக வந்திருந்தது. பேட்ச் ஒர்க் போட்ட இடம்தான் கேக்கிலேயே ருசி. அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, கடைசியில் கையைத் துடைத்து, கணவரைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் மிதித்தது.

"பரவாயில்ல மாஸ்டர்."

பிறந்தநாளன்று பாத்திரம் கழுவுவதும் மாஸ்டரின் இலாகா. தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில், திரும்பாமலே கேட்டார். "என்ன சார், கேட்டீங்களா? எந்தப் பரவாயில்ல?"

"கேக்கணும் மாஸ்டர். இன்னும் சமயம் அமையல."

"வாக்குக் குடுத்திருக்கீங்க. வெங்காயம் உரிச்சதுக்குச் சாப்பாடு சரியாப் போச்சு. இது தனிக் கணக்கு."

"அடுத்த வருஷத்துக்குள்ள சொல்லிடறேன்."

ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். "அப்போ ஒண்ணு பண்ணட்டுமா சார். மீன் ட்ரை பண்ணிப் பார்க்கட்டுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். மேஜையில் அந்த அம்மாள் கேக் வைத்த குக்கரை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்த கருகலை ஆள்காட்டி விரலால் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மீன் என்ற சொல்லில் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் குக்கருக்குள் இறங்கியது.