ஒண்ணுகூடி

"ஒண்ணுகூடி வைக்கட்டா?" என்று பாறசாலைக் கடைக்காரர் தோசையோடு வந்ததும், நான் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இன்னும் ஒன்று என்பதற்கு இந்தப் பக்கத்துப் பேச்சு அது. எதிரில் அம்மாவும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

எனக்கு அப்போது ஆறு வயது. மதுரையிலிருந்து அப்பாவின் ஊருக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆரியங்கோட்டு ரப்பர் மலைப்பாதையில் கார்ப் பந்தயம். ஒவ்வொரு காராகத் தனியே மலையேற வேண்டும். எங்கள் வளைவில் சித்தப்பா கொடியோடு நின்றார். கருகிய டயர் நாற்றம் தொண்டையை அடைத்தது. பந்தயம் முடிந்ததென்று ஆட்கள் எழுந்தார்கள்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்து அலறினார். "மயினி, ஒண்ணுகூடி! ஒண்ணுகூடி!"

எல்லோரும் ஒன்றுகூடி வாருங்கள் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்துச் சாலையில் இறங்கினாள்.

கீழே என்ஜின் உறுமியது. அம்மாவின் கால் நகரவில்லை. எங்கள்மீது மோதாமல் ஒடித்துத் திரும்பிய கார் ரப்பர் மரத்தில் மோதி நின்றது. மரத்தில் கட்டியிருந்த சிரட்டையிலிருந்து ரப்பர் பால் என் முகத்தில் தெறித்தது. ஓட்டியவர் கதவைத் திறந்து தானாகவே இறங்கினார்.

"இன்னொரு வண்டி உண்டுண்ணாக்கும் மயினி சொன்னேன்!" சித்தப்பா அழுதார்.

முப்பது வருடமாக அம்மா இந்த ஊர்ப் பேச்சுதான் பேசுகிறாள். ஆனால் இன்னொரு தோசை வேண்டுமென்றால் ஒற்றை விரலைத்தான் காட்டுவாள். இன்றும் காட்டினாள்.