வெள்ளிக்கிழமைக் கண்ணாடி

போன மாதம் இந்தப் பத்தி வழக்கத்தை விட நன்றாக இருந்ததாக வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் மனைவி. தனக்குப் பிடிக்காத வரிகளை எழுதாமலே விட்டிருக்கிறாள்... கண் தெரிந்தால்தானே எனக்கு அது தெரியும்?

கண்ணில் வெண்புரை. அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் சத்திரசிகிச்சை. கட்டில், மருந்து, சோறு – எல்லாம் இலவசம். அந்த டொக்டரையும் நேர்ஸ்மாரையும் இன்றைக்கும் மனதாரக் கும்பிடுகிறேன்.

கட்டு அவிழ்த்த அன்று டொக்டர் சொன்னார். "இனித் தடிச்ச கண்ணாடி போட்டாத்தான் பார்வை வரும். அதை நீங்கள் வெளியிலதான் வாங்க வேணும். இங்க குடுக்கிறேல்ல."

அதாவது, கண்ணைத் திறந்து விடுவது அரசாங்கம். பார்ப்பது நம்முடைய பொறுப்பு.

சரி, வாங்கலாம் என்றால் கடையில் இருக்க வேண்டுமே? ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். இறக்குமதி இல்லை என்றார் கடைக்காரர். எப்போது வரும்?

"அது சொல்லேலாது ஐயா."

வாசிக்கவும் எழுதவும் முடியாவிட்டால் நான் யார்? கதிரையில் இருக்கும் இன்னொரு பென்சன்காரன், அவ்வளவுதான். உண்மையாகவே பயந்துபோனேன்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கிண்ணியா நெல் வியாபாரி மீராசாகிபு; வார்டில் எல்லோருக்கும் அண்ணன், அதாவது 'காக்கா'. அவருக்கும் அதே சிகிச்சைதான். ஆனால் அவர் வீட்டு அலுமாரியில் காலமான மச்சானின் தடித்த கண்ணாடி இருந்தது. வெண்புரை எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரே பவர்தானாம். மச்சானுடையது காக்காவுக்குப் பொருந்திவிட்டது.

என் நிலைமையைக் கேள்விப்பட்டு, கிண்ணியாவிலிருந்து பாதைப்படகில் தண்ணீரைக் கடந்து வீடு தேடி வந்தார். கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார்.

"தெரியுதா?"

"ஓம் காக்கா... தெரியுது."

முதலில் தெரிந்தது அவருடைய தாடி. பிறகு கண்ணீர் வந்து அதுவும் மங்கிவிட்டது.

"வெள்ளிக்கிழமையில இது உங்களுக்கு. என்ட மருமகன் அண்டைக்குக் காலையில டவுனுக்கு வாறவர், கொண்டு வருவார். பின்னேரம் அவரிட்டக் குடுத்து விடுங்க."

"அண்டைக்கு நீங்கள் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகவேணுமே?"

"வழி காலுக்குத் தெரியும். குத்பாப் பிரசங்கம் கேக்கிறதுக்குக் காது காணும்."

வயது போனால்தான் கண்ணாடி, பல்செட், காதுக்கருவி எல்லாம் தேவைப்படுகின்றன. இலவச வைத்தியம் அந்த இடத்தில்தான் கையை விரிக்கிறது. இவ்வளவு செய்யும் அரசாங்கம் அதையும் செய்யலாம்... செய்யட்டும். அதுவரை கிண்ணியாவில் ஒரு மனிதர் வெள்ளிக்கிழமைகளில் தடவித் தடவிப் பள்ளிக்கு நடக்கிறார், நான் எழுதவேண்டும் என்பதற்காக. இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு சற்று அவசரமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலில் காக்காவின் மருமகன் நிற்கிறார், பாதைப்படகு காத்திருக்காது – கண்ணாடியைக் கழற்ற வேண்டும்.